ஸெய்து கெய்ட்டாவின் பூப்போட்ட திரை: யோசித்துச் செய்ததா, தானாக அமைந்ததா?

மாலி நாட்டு ஸ்டுடியோ போட்டோக்காரர் ஸெய்து கெய்ட்டாவைப் பற்றி இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். அவர் படங்களில் உட்கார்ந்திருப்பவரின் உடையில் ஒரு டிசைன், பின்னால் தொங்கும் திரையில் இன்னொரு டிசைன், இரண்டும் கலந்து கண்ணை மயக்குகிறதே, அது திட்டம் போட்டுச் செய்ததா என்பது ஒன்று. அவரைப் போல வீட்டு வாசலிலேயே போர்ட்ரெய்ட் எடுத்துப் பார்க்க என்ன வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அடியில் வேறொரு சந்தேகமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்துக் கொடுத்த ஒரு கடைக்காரரைப் பாரிஸ்காரர்கள் பிற்பாடு கலைஞராக்கிவிட்டார்களா, இல்லை அவர் ஆரம்பம் முதலே தெரிந்துதான் செய்தாரா? அந்தச் சந்தேகத்துக்கே பதில் எழுதுகிறேன். டிசைன் விஷயம் அதற்குள் வந்துவிடும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருட்டறையில் கருப்பு வெள்ளை பிரிண்ட் போட்டு வளர்ந்தவன். நெகட்டிவ், வெளிச்சம், காகிதம் இவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாலிக்குப் போனதில்லை, பம்பாரா மொழி தெரியாது. கெய்ட்டா சொன்னதாக நான் எழுதுபவை 1990களில் அவர் ஐரோப்பியர்களுக்குக் கொடுத்த பேட்டிகளின் வழியாக வந்தவை. தன்னைத் தேடி வந்த வெளிநாட்டுக்காரர்களிடம், எழுபதை ஒட்டிய வயதில், முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன நினைவுகள் அவை. அந்த அளவுக்கு நம்பலாம், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

கெய்ட்டா பிறந்தது மாலியின் தலைநகரான பமாகோவில், 1921 வாக்கில். சிலர் 1923 என்று எழுதுகிறார்கள். அப்போது அந்த நாட்டுக்குப் பிரெஞ்சு சூடான் என்று பெயர், இன்றைய சூடானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்பாவும் சித்தப்பாவும் மரச்சாமான் செய்கிறவர்கள், இவரும் சிறுவயதிலேயே தச்சு வேலையில் இறங்கிவிட்டார். 1935இல் செனகல் போய்த் திரும்பிய சித்தப்பா ஒரு கோடாக் பிரவுனி பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அப்புறம் கொஞ்ச காலம் தச்சும் போட்டோவும் சேர்ந்தே ஓடின. போட்டோ கற்றுக்கொடுக்கும் பள்ளி எதற்கும் அவர் போகவில்லை, அது உறுதி. அதற்காக யாரிடமும் கற்காதவர் என்று சொல்லிவிட முடியாது. பமாகோவில் பியர் கார்னியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டோ சாமான் கடை வைத்திருந்தார், அங்கே போய் வந்துகொண்டிருந்தார். மூன்டாகா டெம்பேலே என்ற பள்ளி ஆசிரியர், நகரத்தில் முதன்முதலில் கேமரா பிடித்த ஆப்பிரிக்கர்களில் ஒருவர், இவருக்கு பிரிண்ட் போடக் கற்றுக்கொடுத்தார். கெய்ட்டா ரொம்ப நாள் டெம்பேலேயின் இருட்டறையில்தான் வேலை செய்தார். இருட்டறை வேலையை அருகில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும். ஆகவே ‘தானாகக் கற்றவர்’ என்று பல கட்டுரைகள் போடும் முத்திரையை நான் ஒப்புக்கொள்வதில்லை. டெம்பேலேயின் பெயர் அதில் காணாமல் போய்விடுகிறது.

1948இல் பமாகோ கூரா என்ற பகுதியில், சிறைச்சாலைக்குப் பின்புறம் இருந்த குடும்ப மனையில் ஸ்டுடியோ திறந்தார். இடம் தொழிலுக்கு வாகானது. ரயில் நிலையம் பக்கம், சந்தை பக்கம், சினிமாக் கொட்டகையும் பக்கம். செனகல் கடற்கரையிலுள்ள டக்காரிலிருந்து வரும் ரயில் அங்கேதான் ஆட்களை இறக்கியது. அரசு குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் வேலைக்காரர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் எல்லாரும் வந்தார்கள். எடுத்த படங்களை அஞ்சலட்டை அளவில் போட்டு ஊருக்கு அனுப்பியவர்களும் உண்டு.

இனி அவர் வேலை செய்த விதம். பெரும்பாலும் முற்றத்தில், பகல் வெளிச்சத்தில். டிரைபாடில் நிற்கும் பெரிய கேமரா, 13×18 சென்டிமீட்டர் நெகட்டிவ். அந்த நெகட்டிவை போட்டோ காகிதத்தின் மேல் நேரடியாக வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டினால் அதே அளவில் பிரிண்ட் கிடைக்கும். கான்டாக்ட் பிரிண்ட் என்பது இதுதான். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் தேவையில்லை, நடுவில் லென்ஸ் இல்லாததால் நெகட்டிவில் இருக்கும் நூலிழைகூட காகிதத்தில் இறங்கும். துணியின் நெசவு, காதணியின் முறுக்கு, தலைக்கட்டின் மடிப்பு இதெல்லாம் அவர் படங்களில் கையால் தொடலாம் போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த நெகட்டிவின் அளவு. பிலிம் விலை அதிகம் என்பதால் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் எடுப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதாவது சரிசெய்ய வேண்டியதையெல்லாம் ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

அதைத்தான் அவர் செய்தார். ஸ்டுடியோ சுவரில் மாதிரிப் படங்களை மாட்டி வைத்திருந்தார். வருகிறவர் ஒன்றைக் காட்டி ‘இது மாதிரி எடு’ என்பார். கெய்ட்டா ஆளைப் பார்த்து, உனக்கு இதைவிட அது பொருந்தும் என்று மாற்றுவார். தலையை லேசாகச் சாய்ப்பது, தோளைக் குறுக்காகத் திருப்புவது, கையை எங்கே வைப்பது எல்லாம் அவர் முடிவு. எந்த போஸ் யாருக்குச் சரி என்பதில் தான் தவறியதே இல்லை என்று பேட்டியில் பெருமையாகவே சொல்கிறார். பெண்களின் நீண்ட விரல்களும் நகைகளும் படத்தில் விழ வேண்டும், அதுதான் செல்வத்துக்கும் அழகுக்கும் அடையாளம் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அந்தப் படங்களில் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் அது வெறும் பேச்சில்லை என்று தெரியும். மடியில், நாற்காலி விளிம்பில், தோழியின் தோளில், ஒவ்வொரு கையும் யாரோ வைத்த இடத்தில் இருக்கிறது.

ஸ்டுடியோவில் மூன்று ஐரோப்பிய சூட் வைத்திருந்தார், டை, சட்டை, ஷூ, தொப்பி எல்லாம் சேர்த்து. மை பேனா, கைக்கடிகாரம், பிளாஸ்டிக் பூ, ரேடியோ, டெலிபோன், ஸ்கூட்டர் எல்லாம் உண்டு. பின்னால் சொந்தமாக ஒரு பெஜோ 203 கார் வாங்கியதும் அதையும் படத்துக்கு நிறுத்தினார். இரவல் பொருளோடு எடுத்ததால் இவை பொய்ப் படங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்தை வாங்கிப் போகிறவருக்கு அந்தப் பேனா ஸ்டுடியோவுடையது என்று தெரியும், சுவரில் மாட்டுகிறபோது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவரும் அதே பேனாவோடுதான் எடுத்திருப்பார். வெளிர் சூட்டும் தடித்த பிரேம் கண்ணாடியுமாக ஒரே ஒரு பூவைக் கையில் பிடித்திருக்கும் இளைஞரின் 1959 படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினாரோ அதற்கு இன்னொருவர் உழைத்திருக்கிறார்.

தொழில்காரனாக ஒரு ஊகம் சேர்க்கிறேன், இதை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு பிலிமுக்கு லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கினால்தான் முகமும் உடையும் ஒரே கூர்மையில் விழும். சுருக்கினால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும், ஆள் அசையக் கூடாது. ரேடியோமேல் முழங்கையை ஊன்றிச் சாய்வதும், நாற்காலி முதுகைப் பிடிப்பதும், இரண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பதும் அழகுக்காக மட்டும் இருந்திருக்காது. அசையாமல் நிற்க அவை முட்டுக்கொடுக்கும். தச்சு வேலை தெரிந்தவர் எதை எதன்மேல் சாய்த்தால் நிற்கும் என்று யோசிப்பது இயல்புதானே.

இப்போது உங்கள் பூவேலைக்கு வருவோம். முதல் திரை எது தெரியுமா? அவர் கட்டிலின் விரிப்பு, ஓரத்தில் குஞ்சம் வைத்தது. அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திரையை மாற்றினார். பூ, இலை, சுருள்கொடி என்று மாறிக்கொண்டே போய், சாதாரணச் சாம்பல் நிறத் திரையும் வந்தது. எந்தப் படம் எந்த வருடம் என்பதை அவர் திரையைப் பார்த்துத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தார். இன்று மியூசியங்கள் போடும் தேதிகளில் பெரும்பாலானவை இப்படிக் கணக்கிட்டவைதான். உடையும் திரையும் சேர்ந்து அமைவதைப் பற்றிக் கேட்டபோது, சில சமயம் நன்றாகப் பொருந்தியது, குறிப்பாகப் பெண்களின் உடையோடு, ஆனால் அது தற்செயல் என்றே பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தப் பதில் போதும். ஒரே திரை இரண்டு வருடம் தொங்குகிறது, வருகிறவர்களோ வீட்டிலேயே சிறந்த உடையை உடுத்திக்கொண்டு வருகிறார்கள். பொருத்தம் பார்க்க வழியே இல்லை.

ஆனால் தற்செயல் என்பதோடு நிறுத்தினால் பாதி பதில்தான். வேறொருவர் அதே விரிப்பை மாட்டியிருந்தால், ஆளைத் திரையிலிருந்து தள்ளி உட்காரவைத்து அதை மங்கலாக்கியிருப்பார். பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்லும். கெய்ட்டா ஆளைத் திரையோடு ஒட்டினாற்போல வைத்தார், திரையும் கூர்மையாக விழுந்தது. சதுரக் கட்டம் போட்ட விரிப்பின்மேல் ஒரு பெண் கையைத் தலைக்கு ஊன்றிச் சாய்ந்து படுத்திருக்கும் படத்தில் உடையில் ஒரு டிசைன், கீழே ஒரு டிசைன், பின்னால் இன்னொன்று. முகமும் கையும் அதற்குள் தொலையவில்லை, காரணம் அவை மட்டுமே டிசைன் இல்லாத பரப்பு. கிடைத்ததை வைத்துக்கொண்டு எதை மாற்ற வேண்டாம் என்று தீர்மானிக்கவும் ஒரு கண் வேண்டும். அவருக்கு அது இருந்தது. பெயர் வைத்து விளக்கியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

1960இல் மாலி சுதந்திரம் பெற்றது. 1962 வாக்கில் புதிய அரசாங்கம் அவரை அரசுப் போட்டோக்காரராக அழைத்தது, அடுத்த வருடம் ஸ்டுடியோவை மூடினார், 1977இல் ஓய்வு பெற்றார். அரசுக்காக அவர் எடுத்தவை பெரும்பாலும் வெளியுலகின் கண்ணில் படவில்லை. நாம் பேசும் கெய்ட்டா சுமார் 15 வருடத்துக் கெய்ட்டா. ஸ்டுடியோ நெகட்டிவ்களை அவர் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தார். எத்தனை என்பதில் ஆளுக்கொரு கணக்கு, ஆயிரக்கணக்கில் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

1991இல் நியூயார்க்கில் ஆப்பிரிக்கக் கலை பற்றிய பெரிய கண்காட்சி ஒன்றில் அவர் படங்கள் சில இடம்பெற்றன. எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த சேகரிப்பாளர் ஜான் பிகோஸி, ஆந்த்ரே மான்யான் என்பவரை பமாகோவுக்கு அனுப்பினார். மான்யான் முதலில் போய்ச் சேர்ந்தது மாலிக் சிடிபேயின் ஸ்டுடியோவுக்கு என்றும், சிடிபே படத்தைப் பார்த்தவுடன் இது கெய்ட்டாவுடையது என்று வழிகாட்டினார் என்றும் சொல்கிறார்கள். பாரிஸ்காரர்கள் ‘கண்டுபிடித்த’ ஆளின் பெயர் ஊரில் இன்னொரு போட்டோக்காரருக்கு உடனே தெரிந்திருக்கிறது, பாருங்கள். 1994இல் பாரிஸில் கார்டியே அறக்கட்டளை அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. 2001 நவம்பரில் பாரிஸிலேயே இறந்தார்.

என் தொழில் சார்ந்து எனக்கு உறுத்துவது இந்த இடத்தில்தான். வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோனது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, மெல்லிய சாம்பல் நிறப் படிநிலைகள் நிறைந்த ஒரு கான்டாக்ட் பிரிண்ட், கெய்ட்டாவின் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது. சிலவற்றில் கையால் வண்ணமும் தீட்டியிருந்தார்கள். மியூசியச் சுவரில் நாம் பார்ப்பது பாரிஸில் பிற்காலத்தில் போட்ட பிரிண்ட், சில ஒரு மீட்டரைத் தாண்டும், கறுப்பு நல்ல கறுப்பு, வெள்ளை நல்ல வெள்ளை. கான்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, கூட்டினால் டிசைன்தான் முதலில் துள்ளி எழும். சாம்பலில் சாம்பலாகப் பக்கத்தில் கிடந்த பூவும் கட்டமும் ஒன்றையொன்று மோதத் தொடங்கும். நீங்கள் கேட்ட அந்த மயக்கத்தில் ஒரு பங்கு பிரிண்ட் போட்டவருடையது. ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்த எவருக்கும் இது தெரியும். எவ்வளவு பங்கு என்பது படத்துக்குப் படம் மாறும்.

இதைச் சொல்லி, பெரிய பிரிண்ட்கள் அவருக்குத் துரோகம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். தன் நெகட்டிவ்கள் புள்ளி, கறை இல்லாமல் பெரிதாக நிற்பதை முதல்முறை பார்த்தபோதுதான் தன் வேலை உண்மையிலேயே எவ்வளவு நல்லது என்று புரிந்தது, ஆட்கள் உயிரோடு எதிரில் நிற்பது போல இருந்தது என்று அவரே பூரித்துச் சொல்லியிருக்கிறார். அவருடைய சந்தோஷத்தை நாம் திருத்த வேண்டியதில்லை. அதே சமயம் பணமும் உரிமையும் வேறு சங்கதி. நெகட்டிவ்கள் யாரிடம் இருக்க வேண்டும், எந்த பிரிண்ட் அதிகாரப்பூர்வமானது என்று அவர் இறந்த பிறகு சண்டை நடந்தது. அதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெய்ட்டாவுக்கு ஒரு தலைமுறைக்கு முன் மேற்கு ஆப்பிரிக்கப் படங்கள் என்றால் எட்மோன் ஃபோர்த்தியே போன்ற பிரெஞ்சுக்காரர்கள் டக்காரிலிருந்து அச்சிட்டு விற்ற அஞ்சலட்டைகள், ஆயிரக்கணக்கில். அவற்றில் மனிதர்களுக்குப் பெயர் இருக்காது, இன்ன இனத்துப் பெண், இன்ன ஊர் ஆண் என்று இருக்கும். கெய்ட்டாவின் முற்றத்துக்கு வந்தவர்கள் எப்படித் தெரிய வேண்டும் என்ற தங்கள் விருப்பத்தோடு, காசு கொடுத்துத் தாங்களாகவே வந்தவர்கள். ஆனால் இன்று மியூசியத்தில் அவர்கள் படத்துக்குக் கீழே ‘தலைப்பு இல்லை’ என்றுதான் இருக்கிறது. போட்டோக்காரர் பெயர் மீண்டது, உட்கார்ந்தவர்கள் பெயர் பெரும்பாலும் மீளவில்லை. எனக்கு இது மாறாத ஒரு குறை.

சிடிபேயைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் ஒப்பிட்டால் உங்களுக்கு உதவும். சொலோபா என்ற கிராமத்துக்காரர், பமாகோவில் நகை வேலை படித்து 1955இல் முடித்தவர், ஜெரார் கியா என்ற பிரெஞ்சுப் போட்டோக்காரரின் கடையை அலங்கரிக்கப் போய் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்தார். பகதாஜி பகுதியில் ஸ்டுடியோ. சனிக்கிழமை இரவுகளில் சின்னக் கேமராவும் பிளாஷுமாக ஒரு விருந்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் இளைஞர்கள் ஆடுவதை எடுத்து, விடிவதற்குள் கழுவி, சின்ன பிரிண்ட்களை அட்டையில் ஒட்டிக் கடை வாசலில் வைப்பார். ஆடியவர்கள் வந்து தங்கள் படத்தைத் தேர்ந்து வாங்குவார்கள். 1963 கிறிஸ்துமஸ் இரவில் நெற்றியோடு நெற்றி சேர்த்து ஆடும் இருவரின் படம் அவருடையது, பெண் வெறுங்காலோடு ஆடுகிறாள். 2003இல் புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது, 2007இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியின் தங்கச் சிங்கம் விருது, இரண்டையும் வாங்கிய முதல் ஆப்பிரிக்கப் போட்டோக்காரர். அதே ஊர், அதே கடைத் தொழில், ஆனால் அவர் அசைவைத் துரத்தினார், கெய்ட்டா அசையாமல் வைத்தார். நகரத்தில் அப்துரஹ்மான் சகாலி போன்ற வேறு நல்ல ஸ்டுடியோக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே ‘கடைக்காரரா கலைஞரா’ என்ற கேள்வியை அந்த ஊரில் கேட்டிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கடை நன்றாக ஓடியதே வேலை நன்றாக இருந்ததால்தான்.

சரி, நீங்கள் எடுத்துப் பார்ப்பதற்கு. வெயில் நேரடியாக விழாத, ஆனால் எதிரே திறந்த வானம் இருக்கும் ஒரு சுவரைத் தேடுங்கள். காலை நேரம் போதும், விளக்கு வேண்டாம். டிசைன் போட்ட படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டுங்கள், சுருக்கம் இருந்தால் பரவாயில்லை. ஆளை விரிப்பிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளாதீர்கள். டிஜிட்டல் கேமரா என்றால் லென்ஸ் துவாரம் எஃப் 8 அல்லது 11, டிரைபாட், லென்ஸ் மார்பு உயரத்தில். செல்போன் என்றால் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை அணைத்துவிடுங்கள், இங்கே அது எதிரி. உடையை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும், நீங்கள் பொருத்தம் பார்க்க வேண்டாம். முதலில் கைகளுக்கு இடம் கண்டுபிடியுங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம். கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது கான்ட்ராஸ்ட்டைத் தொடாமல் ஒரு பிரதி, கூட்டி ஒரு பிரதி எடுத்து, சின்ன அளவில் காகிதத்தில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே நான் நீட்டி எழுதியது அப்போது ஒரு நிமிடத்தில் விளங்கும். ஒரு ஆளுக்கு ஒரே படம் என்ற விதியை மட்டும் கொஞ்சம் தளர்த்தி இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிவிடுகிறவர்கள் இருப்பார்கள்.